கடலுக்கு முதுகு காட்டிய பாஸ்டர்

ஒரு மனிதர் கடலுக்குள் விழுவதைப் பார்த்துச் சிரிப்பது பாவம். அதுவும் அவர் நம் சபையின் பாஸ்டராக இருந்தால் பெரும் பாவம். ஆனால் அன்று காலை காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்கு வந்திருந்த முப்பது பேரில் சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். அவரும் பாஸ்டரோடு சேர்ந்து தண்ணீருக்குள் போயிருந்தார். அவர் என் வீட்டுக்காரர்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார் பாஸ்டர். வெள்ளை அங்கி, மேலே தூக்கிய வலது கை. "பிதா, குமாரன், பரிசுத்த..." என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில் அலை வந்தது.

அலை வடிந்த பிறகு பார்த்தால் பாஸ்டரைக் காணவில்லை. பக்கத்தில் காவலுக்கு நின்ற என் வீட்டுக்காரரையும் காணவில்லை. ஞானஸ்நானம் வாங்குவதற்காக நின்ற நிர்மலா அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் பட்டினச்சேரி மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அலைக்கு எப்போது குனிய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை எழுத வேண்டாமே என்று பாஸ்டர் கேட்டுக்கொண்டார். கட்டாயம் எழுது என்று அப்பா சொன்னார். அவர்கள் இருவரும் எந்த விஷயத்தில்தான் ஒத்துப்போயிருக்கிறார்கள்! நானே முடிவெடுத்து எழுதுகிறேன். இல்லை, எழுத வைக்கப்படுகிறேனோ என்னவோ. அவர்கள் இருவரின் சண்டையைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தி.

கெளுத்தி முள்

என் வீட்டுக்காரர் செல்வமணியை நான் முதலில் பார்த்தது ஊசி போடும் அறையில். நான் அங்கே நர்ஸ். அவர் கெளுத்தி மீனின் முள் ஏறிய கையோடு வந்து நின்றார். கை பூரி மாதிரி வீங்கியிருந்தது.

"ஊசி வேணாங்க, மாத்திரை குடுங்க."

"வலிக்காதுங்க."

"போடுறவங்களுக்கு எப்படிங்க வலிக்கும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு எப்போதும் கேட்பதைக் கேட்டேன். "எதாவது ஒத்துக்காம போயிருக்கா? முன்னாடி ஊசி போட்டு மயக்கம், தடிப்பு எதாவது வந்திருக்கா?" இத்தனை வருட வேலையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் யாருக்கும் ஊசி போட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதை வைத்து என்னை நானே குட்டிக்கொள்ளப் போகிறேன்.

கை ஆறிய பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். கையில் மீன் பையோடு. அப்புறம் நடந்ததை இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதிவிட்டேன். பதிவுத் திருமணம்தான். அவர் கடல்புறத்து இந்துக் குடும்பம். நான் தரங்கம்பாடிப் பக்கத்துப் பழைய சபைக் குடும்பம். என் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "எந்தச் சாமிய வேணா கும்புடுங்க. கடலுக்குப் போனவன் வீடு வந்து சேரணும், அவ்வளவுதான்."

எனக்கு மட்டும் மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது. ஒரு நாள் அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் செய்ய வேண்டும். மாமியாரிடம் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. கடவுளிடம் மட்டும் தினமும் நச்சரித்தேன். வீட்டுக்காரர் கடலில் இருக்கும் நேரங்களில் அந்த நச்சரிப்பு இரட்டிப்பாகிவிடும்.

அவரும் வராமல் இல்லை. சபை வாசலுக்கு என்னைக் கொண்டுவந்து விடுவார். வாசலில் பைக்கின் மேல் உட்கார்ந்து பாட்டு முழுவதையும் கேட்பார். உள்ளே மட்டும் வர மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குப் பக்கம் என்பதால் நான் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தேன். ஹார்டுவேர் கடை மாடியில் இருந்தது. பாஸ்டர் பெயர் ஜான்சன். மன்னார்குடிப் பக்கத்துக்காரர், வாய்க்காலைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்து வளராதவர். குரல் மட்டும் கடல் மாதிரி இருக்கும்.

அப்பா ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். பெயர் தேவசகாயம். நான் சபை மாறியதில் அவருக்குக் கோபம். கோபத்தைக் காட்டுவதற்காக ஞாயிறுதோறும் மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். பாஸ்டருக்கும் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சங்கரா மீன் குழம்பு மணத்தால் இருவரும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஆரம்பித்தது சண்டை. கேள்வி ஒன்றுதான். மனிதன் தானாக முடிவெடுத்துக் கடவுளிடம் வருகிறானா? இல்லை, பரிசுத்த ஆவியானவர் அவனை இழுத்து வருகிறாரா?

"முடிவு மனுஷன்தான் எடுக்கணும் ஐயா. கர்த்தர் கதவத் தட்டுவாரு. தொறக்குறது நம்ம வேல" என்பார் பாஸ்டர்.

"செத்துக் கெடக்குறவன் எப்படித் தம்பி கதவத் தொறப்பான்? மனசே அவரு குடுக்குறதுதான். இவளுக்கு நாப்பதாம் நாள்ல ஞானஸ்நானம் குடுத்தோம். இவகிட்டயா கேட்டோம்? நல்லாத்தானே இருக்கா?"

"அது ஞானஸ்நானமே இல்லீங்க ஐயா. விவரம் தெரிஞ்சவன் கேட்டு, முழுகி வாங்கணும்."

"எஸ்தரு! நீ கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடுறியே, அதுகிட்ட சம்மதம் கேட்டுட்டா போடுற? மருந்து வேல செய்யுதா இல்லையா?"

இப்படி என் வேலையையும் இழுத்துக்கொள்வார்கள். பேச்சு முழுவதும் பொதுவாகத்தான் இருக்கும். கண் மட்டும் இரண்டு பேருக்கும் செல்வமணி மேலேயே இருக்கும். பன்னிரண்டு வருடம் அவர்தான் அந்த வீட்டின் பரீட்சைக் கேள்வி.

அவரோ தலையைக் குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அப்பா உணர்ச்சிவசப்பட்டு, "வலையில விழுற மீனு சம்மதம் சொல்லிட்டா விழுது?" என்று கேட்டுவிட்டார்.

செல்வமணி நிமிர்ந்தார். "மாமா, அப்ப நான் மீனா?"

அன்றைக்கு அப்பா இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை.

மாம்பழம் யார் கையில்?

செல்வமணி வாயைத் திறந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் அடி விழும். எங்கள் ஊர் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் எறிவார்கள். கீழே கூட்டம் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். மதம் பார்த்து யாரும் ஒதுங்குவதில்லை. ஒரு வருடம் திருவிழா முடிந்த ஞாயிறு அவர் கேட்டார்.

"பாஸ்டர், மாடிலேருந்து எறியிறாங்க. நான் புடிக்கிறேன். பழம் எனக்குக் கெடச்சது அவுங்க எறிஞ்சதுனாலயா, நான் கை நீட்டுனதுனாலயா?"

"கை நீட்டுனவனுக்குத்தான் பழம்!" என்றார் பாஸ்டர்.

"போன வருஷம் சும்மா பராக்குப் பாத்துக்கிட்டு நின்ன என் மண்டையில விழுந்துச்சே!" என்றார் அப்பா. "வீக்கம்கூட இருந்துச்சு. எஸ்தர் சாட்சி."

இரண்டு மணி நேரம் போயிற்று. கடைசியில் பாஸ்டர் நேராகவே கேட்டார். "செல்வமணி, நீங்க எப்ப வர்றீங்க?"

"நானா வரணுமா, அவரு இழுக்கணுமான்னு நீங்க ரெண்டு பேரும் மொதல்ல பேசி முடிங்க. முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க, வர்றேன்."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும்போது அழுதேன். அவர் கேலியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இவர்கள் இரண்டு பேரும் பேசி முடிப்பதாவது! நடக்கிற காரியமா?

மூன்று முறை சொன்னது

வழக்கமாக எங்கள் சபை ஞானஸ்நானத்தை அரசலாற்றில்தான் வைத்துக்கொள்ளும். அந்த வருடம் ஆற்றில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. "கடல்ல வச்சுக்குவோம்" என்று பாஸ்டர் தேதி குறித்துவிட்டார். கடலிடம் கேட்காமல் தேதி குறிக்க மன்னார்குடிக்காரரால்தான் முடியும்.

செல்வமணி அன்று காலை எழுந்ததும் காற்றைப் பார்த்தார். "கொண்டல் காத்து அடிக்கிது. அலை எகிறும். அந்த ஆளு கடலுக்குப் புதுசு. நான் பக்கத்துல நிக்குறேன்" என்றார்.

இதில் எனக்கு ஆச்சரியம். அவர் படகிலிருந்து கடலில் இறங்கவே மாட்டார். இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால்கூட வேறு ஒருவர்தான் குதிப்பார். கேட்டால் சளி பிடிக்கும் என்பார். கடல்காரருக்குச் சளியா என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

கரையில் வைத்தே பாஸ்டரிடம் அவர் மூன்று முறை சொன்னார். "பாஸ்டர், ஒண்ணே ஒண்ணு. கடலுக்கு மட்டும் முதுகு காட்டாதீங்க."

"சரிங்க, சரிங்க."

மூன்று முறையும் சரி சொன்னவர், முதல் ஐந்து பேருக்குக் கடலைப் பார்த்தபடிதான் ஞானஸ்நானம் கொடுத்தார். ஆறாவதாக நிர்மலா அக்கா. அதற்குள் கரையில் பாட்டு களைகட்டிவிட்டது. பாட்டுச் சத்தம் கேட்டால் பிரசங்கியாருக்குக் கால் நிற்குமா? இருபது வருடமாக சபையைப் பார்த்து நின்றே பழகியவர். அப்படியே எங்கள் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, கணீரென்று ஆரம்பித்தார்.

செல்வமணி அவரைப் பிடிக்கப் பாய்ந்தார். அதற்குள் அலை இருவரையும் சுருட்டியது. விழுகிற வேகத்தில் பாஸ்டர் கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அகப்பட்டது என் வீட்டுக்காரர் தலை.

இருவரும் மேலே வந்தபோது பாஸ்டரின் கை அந்தத் தலையில் அப்படியே இருந்தது. பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மனிதர் விட்ட இடத்திலிருந்து முடித்தார்: "...ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்!"

தண்ணீர் இருந்தது. தலையில் கை இருந்தது. வார்த்தையும் முழுசாக வந்துவிட்டது. கரையில் யாரோ "அல்லேலூயா!" என்று கத்த, தம்புரின் குலுங்க, எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

செல்லுமா, செல்லாதா

பாஸ்டரைத் தோளில் தாங்கி மணலுக்கு இழுத்து வந்தார் செல்வமணி. குறை கண்டுபிடிப்பதற்காகவே குடையோடு வந்திருந்த அப்பா குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினார்.

"பாத்தீங்களா தம்பி! யாருகிட்ட சம்மதம் கேட்டாரு ஆவியானவரு? அவரா வந்தாரு, அவரா தூக்குனாரு, அவரா முக்குனாரு! மாப்ள, வாழ்த்துகள்!"

முழுக்கு ஞானஸ்நானமே தேவையில்லாத கூத்து என்று பன்னிரண்டு வருடம் சொன்னவர் அவர்.

பாஸ்டர் இருமினார். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் உப்புத் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு வருடமாக இந்த ஒரு மனிதருக்காக உபவாசம் இருந்தவர். தலையை மட்டும் ஆட்டினார்.

"செல்லாது."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"செல்லாதுங்க ஐயா. அவரு கேக்கல. அவரு விசுவாசத்த அறிக்கை பண்ணல. என்னைக் காப்பாத்த வந்தவரு."

எனக்கு வந்ததே கோபம்! ஆசையோடு வாயில் வைத்த சோற்றைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. "ஏன் பாஸ்டர், வார்த்தையச் சொன்னது நீங்கதானே?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவர் நனைந்த அங்கியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

கேட்காத கேள்வி

அன்று மதியமும் இருவரும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். செல்லும் என்று அப்பா. செல்லாது என்று பாஸ்டர். உடுத்தியிருந்தது என் வீட்டுக்காரர் லுங்கி, ஆனாலும் பாஸ்டர் விட்டுக்கொடுக்கவில்லை.

செல்வமணி சாப்பிடவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தவர் திரும்ப வைத்தார். அவர் கை திரும்பத் திரும்பத் தலையைத் தொட்டுப் பார்ப்பதை நர்ஸ் கண்தான் முதலில் பார்த்தது. கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னங்க, தல வலிக்குதா?"

துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். "சுனாமி அன்னைக்கு அண்ணனும் நானும் கரையில வலை கட்டிக்கிட்டிருந்தோம். தண்ணி வந்தப்ப அண்ணன்தான் என் தலையப் புடிச்சுது. ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போனோம். நான் மேல வந்தேன். தலையில கை இல்ல."

அண்ணன் சுனாமியில் போனது எனக்குத் தெரியும். இது தெரியாது.

"பாஸ்டரு ஒவ்வொருத்தர் தலையா புடிச்சு முக்குறத வருஷா வருஷம் பாக்குறேன் புள்ள. பாட்டு புடிக்கும். ஜெபம் புடிக்கும். உள்ள வந்து உக்காந்தா அடுத்து தண்ணிக்குக் கூப்புடுவாங்கன்னுதான் வாசல்லயே நிக்குறேன்."

"பன்னெண்டு வருஷமா இத ஏங்க சொல்லல?"

"யாரு கேட்டீங்க? நானா வரணுமா, அவரு இழுக்கணுமான்னுதானே கேட்டீங்க? ஏன் வரலன்னு யாரும் கேக்கலையே."

முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டவள் நான். சொந்தப் புருஷனிடம் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போய் இருவரிடமும் சொன்னேன். அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பாஸ்டர் எழுந்து கொல்லைப்பக்கம் போய், "தெரியாம தலையப் புடிச்சிட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அதன் பிறகு தொடர்ந்து நாலு ஞாயிறு அந்த மேசையில் கறிவேப்பிலையைப் பற்றியும் கரண்ட் கட் பற்றியும் மட்டும்தான் பேச்சு. பரிசுத்த ஆவியானவர் செய்த அற்புதம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அந்த நாலு வாரத்தைத்தான் சொல்வேன்.

இரண்டாவது முறை

ஐந்தாவது ஞாயிறு செல்வமணி என்னோடு சபைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு எல்லாரும் பட்ட பாடு இருக்கிறதே!

சில மாதம் கழித்து சாப்பாட்டு மேசையில் அவராகவே சொன்னார். "பாஸ்டர், நான் எறங்குறேன். தலையில மட்டும் யாரும் கை வைக்க வேணாம். நானே குனியிறேன். எஸ்தர் பக்கத்துல நிக்கட்டும்."

பாஸ்டர் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. "ஏன்... இப்ப?"

"அன்னைக்கு நீங்க செல்லும்னு சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் சந்தோஷம், வேல முடிஞ்சிருக்கும். செல்லாதுன்னீங்களே. அன்னையிலேருந்துதான் யோசிக்கிறேன்."

அன்று அந்த மனிதரிடம் கோபப்பட்டதற்கு நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. இரண்டு துண்டு மீன் கூடுதலாக வைத்தேன்.

தேதியைக் கடலிடம் கேட்டு செல்வமணியே குறித்தார். காற்றில்லாத காலை. பாஸ்டர் இந்த முறை சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலை முறைத்துப் பார்த்தபடி நின்றார். என் மாமியாரும் வந்திருந்தார். மகன் தண்ணீரிலிருந்து வெளியே வரும்வரை கண் கொட்டவில்லை. நான் செல்வமணியின் கையைப் பிடித்திருந்தேன். பாஸ்டர் வார்த்தையைச் சொன்னார். சின்ன அலை ஒன்றோடு செல்வமணி முழுகி எழுந்தார். அவ்வளவுதான்.

கரை ஏறியதும் ஏறாததுமாக அப்பா ஆரம்பித்தார். "பாத்தீங்களா தம்பி, அலைதான் மொதல்ல வந்துச்சு. மாப்ள பின்னாடிதான் குனிஞ்சாரு."

"இல்லீங்க ஐயா, அவரு மொதல்ல குனிஞ்சாரு. அலை அப்புறம் வந்துச்சு."

"எஸ்தரு! நீதானே ஒட்டி நின்ன? எது மொதல்ல?"

"நான் கண்ண மூடியிருந்தேன்" என்றேன். உண்மைதான். ஜெபம் பண்ணுகிறவள் வேறு என்ன செய்வாளாம்?

சாயங்காலம் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது எனக்கும் பொறுக்கவில்லை. "நீங்களாவது சொல்லுங்களேன். நீங்க மொதல்ல குனிஞ்சீங்களா, அலை மொதல்ல வந்துச்சா?"

அவர் துண்டை இறக்கிவிட்டு யோசித்தார்.

"தெரியல புள்ள. ஆனா பயமே வரல. அது எப்புடின்னுதான் காலையிலேருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்."